கணக்கு வராதாம், அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ்

கணக்கு வராது என்பதால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறோம் என்று இந்த ஆண்டும் என் மாணவர்கள் மூவர் சொன்னார்கள். கிருஷ்ணகிரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிற எனக்கு இது பழகிய பேச்சுதான் என்றாலும், இங்குள்ள ஒரு கல்லூரியில் சேர்க்கை மேசையில் இருந்தவரே "இதில் கணக்கு அவ்வளவாக இருக்காது" என்று பெற்றோருக்கு உறுதி கூறியதைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காவேரிப்பட்டினம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கூழ் ஆலைக்கு மாங்காய் ஏற்றும் வண்டிக்காரர் ஒருவர், பில் புத்தகத்தின் பின்னட்டையில் பத்துத் தோப்புகளைக் குறித்துவந்து, டீசல் மிச்சமாக எந்த வரிசையில் போகலாம் என்று கேட்டார். பத்துக்கே 36,28,800 வரிசைகள். இருபதானால், நொடிக்கு ஒரு கோடி வரிசை பார்க்கும் எந்திரத்துக்கும் 7,000 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். இதைவிடக் கெட்டிக்கார வழிகள் உண்டு; தோப்புகள் கூடக்கூட அவையும் திணறுகின்றன. 120 கிலோமீட்டருக்குள் அடங்கும் வழி ஒன்றை அவர் காட்டினால் கூட்டிப் பார்த்து ஒப்புக்கொள்வேன். அப்படி ஒரு வழியே இல்லை என்று சாதித்தால் எதைக் கூட்டிப் பார்ப்பது? எளிதில் சரிபார்க்கக்கூடிய விடையை எளிதில் கண்டுபிடிக்கவும் முடியுமா என்ற இக்கேள்விக்கு 1971இல் கணினி அறிவியலாளர் ஸ்டீபன் குக் கணித உருவம் கொடுத்தார். 2000இல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தும் விடை வரவில்லை. வேகமான கணினி வாங்கித் தீர்கிற வழக்கில்லை இது, நிரூபணம் வேண்டும்.

2002இல் கான்பூர் ஐஐடியின் கணினித் துறையில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும், ஓர் எண் பகா எண்ணா என்பதைப் பிழையின்றி விரைவாகச் சோதிக்கும் வழியைக் கண்டார்கள். கட்டுரை 2004இல் வெளிவந்தது கணிதர்களின் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில். அதன் வித்து நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் நடத்தும் ஈருறுப்புத் தேற்றம். (x + 1) என்பதன் ஐந்தாம் அடுக்கை விரித்தால் நடுவில் வரும் கெழுக்கள் 5, 10, 10, 5; எல்லாம் ஐந்தால் வகுபடும். ஆறாம் அடுக்கில் 6, 15, 20, 15, 6. பதினைந்து ஆறால் வகுபடாது. பகா எண்ணுக்கு மட்டுமே எல்லாம் வகுபடும்.

இதைக் கரும்பலகையில் எழுதியபோது, அந்த மூவரில் ஒருவன் எழுந்து, "நூறு இலக்க எண் என்றால் இத்தனையையும் யார் சார் எழுதுவது?" என்று கேட்டான். அகர்வால் குழு தீர்த்த சிக்கலே அதுதான் என்றும், முழுவதையும் விரிக்காமல் தகுந்த சிறிய இயற்கணிதக் கோவையால் வகுத்து மீதியை மட்டும் ஒப்பிட்டார்கள் என்றும் சொன்னேன். அவனுக்குக் கணக்கு வராதாம்.