டபுள் ஸ்லாஷ் போட்டால் காரணத்தை எழுதுங்கள்

"நல்ல கோடுக்கு கமெண்டே தேவையில்லை" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். இதைச் சொல்பவர் பெரும்பாலும் நோட்டீஸ் பீரியடில் இருப்பார். (கமெண்ட் என்பது // போட்டு, படிக்கிறவருக்காகப் புரோகிராம் கோடுக்குள் எழுதும் குறிப்பு. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது.)

பெங்களூரில் கோட் எழுதினவரே அதைத் திருத்தவும் உட்காருவது அபூர்வம். எழுதினவர் அவுட்டர் ரிங் ரோட்டில் வேறு கம்பெனிக்குத் தாவியிருப்பார், இல்லையென்றால் வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போயிருப்பார். என்ன நடக்கிறது என்பதைக் கோட் காட்டிவிடும். ஏன் அப்படி என்பது அவரோடு போய்விடும். அந்த ஏனுக்குத்தான் ஒற்றை வரி கமெண்ட்.

விலையை 100-ஆல் பெருக்கும் ஒரு வரி இருக்கிறது. அதன் மேல் // 100-ஆல் பெருக்கு என்று எழுதி யாருக்கு லாபம்? அதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே. // ரேஸர்பேக்குத் தொகை பைசாவில் போகணும் என்று எழுதுங்கள். (ரேஸர்பே, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சர்வீஸ்.) 500 ரூபாய்க்கு 50000 என்று அனுப்ப வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்த பையனுக்குப் புரியும், பெருக்கலைத் தூக்கமாட்டான். ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தோடு 1 கூட்டுவதும் இப்படித்தான். அங்கே மாதத்தைச் சொல்லும் கெட்மந்த் ஜனவரிக்கு 0 தரும். காரணம் தெரியாதவர் அந்த 1-ஐ எடுத்துவிட்டால் சம்பள ஸ்லிப்பில் மாதம் மாறிவிடும். (உதாரணத்துக்குத்தான் தமிழ். டீமில் கன்னடக்காரர், தெலுங்குக்காரர் எல்லாம் இருக்கிறார்கள், அங்கே இங்கிலீஷ்தான்.)

அடுத்தது, பழைய கோடைக் கமெண்டாக்கி வைக்கும் பழக்கம். மொத்தமாக செலக்ட் செய்து கன்ட்ரோல் ஸ்லாஷ் அடித்துவிடுகிறார்கள். "எதுக்குண்ணா இது?" என்று ஜூனியர் கேட்டால், "இருக்கட்டும்டா, தேவைப்பட்டா எடுத்துக்கலாம்." ஒருவரும் எடுத்ததில்லை. அழிக்கவும் யாருக்கும் துணிச்சல் வராது, பரணில் கிடக்கும் ஓடாத ஃபேன் மாதிரி. கோடில் செய்த மாற்றங்களைக் கமிட் கமிட்டாகச் சேர்த்து வைக்கும் கிட் 2005-லிருந்து இருக்கிறது. அழித்துத் தொலையுங்கள், வேண்டுமானால் பழைய கமிட்டில் தேடிக்கொள்ளலாம்.

இந்த // ஒன்றும் புதுச் சரக்கில்லை. 1960-களில் பிசிபிஎல் மொழியில் வந்தது, சி மொழி அதை விட்டுவிட்டது, சி++ திரும்ப எடுத்துக்கொண்டது. சி-யின் தரத்தில் சேர 1999 ஆனது. வெப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் இன்றைக்கும் கிடையாது, அங்கே /* */ மட்டும்தான். அதன் நீட்சியான, // செல்லும் எஸ்சிஎஸ்எஸ்ஸில் எழுதிப் பழகின கை இங்கேயும் // போட்டுவிடும். பிரவுசர் எர்ரர் காட்டி நிற்காது. வரி முடிந்ததையும் கவனிக்காமல், அடுத்த அரைப்புள்ளி வரை அத்தனையையும் செல்லாது என்று தள்ளிவிடும். கமெண்டுக்குக் கீழே எழுதின மார்ஜின் சத்தமில்லாமல் காணாமல் போகும், நாம் பிரவுசர் கேஷைக் கிளியர் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கோடை மாற்றிவிட்டு மேலே இருக்கும் கமெண்டை அப்படியே விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கமெண்டே இல்லையென்றால் கோடைப் படித்தாவது தெரிந்துகொள்வார்கள், பொய் கமெண்டை நம்பிவிடுவார்கள். ரிவ்யூவில் அப்படி ஒன்று வந்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடிவாளாவில் ஊர் பஸ் காத்திருந்தாலும் சரி, நான் அப்ரூவ் கொடுப்பதில்லை.