எபெனேசர் ஓடைப் பலகையில் இன்னும் ஒரு வரி வேண்டும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகரத்துக்கு ஏறக்குறைய 25 மைல் முன்னால், ரின்கன் ஊர்ப் பக்கம் எபெனேசர் சாலை என்று ஒன்று போகிறது. அதன் ஓரத்தில் 2010-இல் ஒரு வரலாற்றுப் பலகை வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் (அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு நடத்திய போர்) வடக்கின் ஜெனரல் ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து கடல் வரைக்கும் படை நடத்திப் போனாரே, அதைப் பற்றியது. நான் படித்த சாலையோரப் பலகைகளில் மிகவும் மதிப்பது இதைத்தான். அதனாலேயே இதன் கடைசி வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜார்ஜியாவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பலகைகள் பழக்கம். 1950-களில் மாநில வரலாற்று ஆணையம் ஊர் ஊராக நட்டுக்கொண்டே போனது. வார்ப்பு உலோகம், பச்சைப் பூச்சு, பொன்னிற எழுத்து, உச்சியில் மாநில முத்திரை. இறங்கிப் படித்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: எந்தப் படைப்பிரிவு எந்தச் சாலையில் வந்தது, எந்த ஆற்றைக் கடந்தது, ராத்திரி எங்கே முகாம் போட்டது, தளபதி யார். போர்முறை படிக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படைக்குப் பின்னால் நடந்து வந்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1864 நவம்பர் மத்தியில் சுமார் 60,000 சிப்பாய்களோடு ஷெர்மன் அட்லாண்டாவை விட்டுக் கிளம்பினார். வழியெங்கும் பருத்தித் தோட்டங்கள். படை தாண்டத் தாண்ட, அடிமைகளாக இருந்தவர்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே புறப்பட்டுவிட்டார்கள். ஷெர்மனுக்கு அதில் விருப்பமில்லை. சாப்பாடு போதாது, படையின் வேகம் குறையும் என்று நினைத்தார். கவிங்டன் பக்கத்தில் ஒரு முதியவரிடம், உங்கள் ஆட்கள் எங்கள் பின்னால் வர வேண்டாம் என்று நேரிலேயே சொன்னார். ஆனாலும் வந்தார்கள். தாங்கள் பெற்ற பிள்ளையைப் பிரித்து விற்றுவிடக்கூடிய எஜமான் பின்னால் இருக்கும்போது யார் நிற்பார்கள்?

டிசம்பர் 9 அன்று, ஷெர்மனின் 14-ஆவது படைப்பிரிவு எபெனேசர் ஓடையைக் கடந்தது. ஓடை என்றால் கணுக்காலளவு தண்ணீர் என்று நினைக்காதீர்கள். சவானா ஆற்றில் போய்ச் சேரும் கறுத்த நீர், இரண்டு பக்கமும் சதுப்பு, சைப்ரஸ் மரங்கள், அன்றைக்கு வெள்ளம் வேறு. படைப்பிரிவுத் தளபதி பெயர் ஜெஃபர்சன் சி. டேவிஸ் (தெற்கின் அதிபரும் ஜெஃபர்சன் டேவிஸ்தான், இவர் வேறு, வடக்குப் படைக்காரர்). 58-ஆவது இண்டியானா படையணி மிதவைப் பாலம் போட்டது. முன்னால் சண்டை நடக்கிறது, சிப்பாய்கள் முதலில் போகட்டும் என்று கறுப்பின மக்களை ஓரமாக நிறுத்தி வைத்தார்கள். கடைசிச் சிப்பாய் அக்கரை சேர்ந்ததும் பாலத்தை அவிழ்த்து இழுத்துக்கொண்டார்கள். இக்கரையில் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். பின்னால் தெற்கின் ஜெனரல் வீலரின் குதிரைப்படை நெருங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீரில் குதித்தார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும். அக்கரையில் சில சிப்பாய்கள் மனம் தாளாமல் மரக்கட்டைகளைத் தூக்கிப் போட்டார்கள். கிடைத்த கட்டைகளைச் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கிச் சிலர் தப்பினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மூழ்கினார்கள் என்கிறது பலகை. கரையில் நின்றுவிட்டவர்களில் பலரைக் குதிரைப்படை பிடித்துத் திரும்பவும் அடிமைத்தனத்துக்கே கொண்டுபோனது.

இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை. ஷெர்மன் தன் அறிக்கையில் எதிரியிடமிருந்து 10,000-க்கும் மேல் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கொண்டுவந்ததாக எழுதினார். கூட வந்த மனிதர்களைப் பற்றி எழுதும்போது எண் கிடையாது, எண்ணற்றவர்கள் என்று மட்டும். அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இந்த எபெனேசருக்கும் நமக்கும் ஒரு உறவு உண்டு. ஓடையருகே இருந்த ஊரை நிறுவியவர்கள் 1730-களில் வந்த சால்ஸ்பர்க் லுத்தரன் அகதிகள். அவர்களின் போதகர் போல்ட்சியஸை அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகர நிறுவனம். தரங்கம்பாடி மிஷனுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த அதே ஹாலேதான். தரங்கம்பாடியிலும் எருசலேம் கோயில், எபெனேசரிலும் எருசலேம் கோயில். அந்த அகதிகள் 1739-இல், ஜார்ஜியாவில் அடிமைமுறை வேண்டாம் என்று மனுவே கொடுத்தார்கள். அங்கே அடிமைமுறைக்கு அப்போது இருந்த தடை 1751-இல் நீங்கிவிட்டது. அதற்கு நூற்றுப் பதிமூன்று ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் இது நடந்தது.

சரி, பலகைக்கு வருகிறேன். அது ஓடையோடு நிற்காமல் அடுத்து நடந்ததையும் சொல்கிறது. மேஜர் ஜேம்ஸ் கானலி போன்ற அதிகாரிகள் சும்மா இருக்காமல் எழுதியதால் செய்தி வாஷிங்டன் வரை போய்ப் பெரிய கண்டனம் எழுந்தது. போர் அமைச்சர் ஸ்டான்டன் சவானாவுக்கே வந்தார். 1865 ஜனவரி 12 அன்று அவரும் ஷெர்மனும் கறுப்பினத் தலைவர்கள் 20 பேரைச் சந்தித்தார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர், வயது 67. 1857-இல் 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் விடுவித்துக்கொண்டவர். உங்களுக்கு என்ன வேண்டும் என்றதற்கு அவர் சொன்னது, நிலம். எங்கள் உழைப்பில் நாங்களே உழுது பிழைக்க நிலம். நான்கு நாளில் ஷெர்மனின் 15-ஆம் சிறப்புக் கள ஆணை வந்தது. கடலோரத்தில் 4,00,000 ஏக்கருக்கு மேல் பறிமுதல் செய்து, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வீதம்.

ஒரு படையெடுப்பில் யார் செத்தார்கள், அந்தச் சாவு எதை மாற்றியது என்று இரண்டையும் இவ்வளவு சின்ன இடத்தில் சொன்ன பலகையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஆனால் 40 ஏக்கரோடு அது முடிந்துவிடுகிறது. காரை நிறுத்திப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? கொடுமை நடந்தது, அப்புறம் நிலம் கிடைத்தது, கணக்குத் தீர்ந்தது என்றுதானே?

தீரவில்லை. 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருடமே ஆணையைக் கவிழ்த்து, நிலத்தைப் பழைய எஜமானர்களிடம் திருப்பிக் கொடுக்க வைத்தார். அதற்குள் சுமார் 40,000 பேர் குடியேறி விதைத்திருந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் ஒன்று வெளியேற வேண்டும், இல்லையென்றால் அதே எஜமானிடம் ஒப்பந்தக் கூலியாக வேண்டும். தளபதி டேவிஸுக்கு ஒரு தண்டனையும் இல்லை. 1867-இல் அலாஸ்காவில் ராணுவப் பொறுப்பு கொடுத்தார்கள்.

பலகையில் அவ்வளவு இடம் இருக்காது என்பார்கள். சவானா நகரத்துக்குள் போய்த் தேடினால் மிச்சக் கதை கிடைக்கும்தான். ஆனால் ஓடைப் பக்கம் நிற்பவருக்கு அங்கேயே முழு விவரம் கிடைக்க வேண்டும். நான் கேட்பது ஒரே வரி: "அதே ஆண்டு ஜனாதிபதி ஜான்சன் இந்த ஆணையை ரத்து செய்தார், நிலத்தின் பெரும்பகுதி பழைய உரிமையாளர்களுக்கே திரும்பியது." இதற்கு இடம் இல்லையென்றால் பக்கத்தில் இன்னொரு பலகை நடலாம்.

அட்லாண்டா பக்கம் இருக்கும் நண்பர்களே, சவானா பக்கத்து டைபீ கடற்கரைக்குப் பிள்ளைகளோடு போகும்போது அரை மணி நேரம் ஒதுக்கி எபெனேசர் சாலையில் திரும்புங்கள். பலகையை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் அந்த விட்டுப்போன வரியை நீங்கள் சொல்லுங்கள். அப்புறம் பலகையை வைத்த ஜார்ஜியா வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், நானும் எழுதப் போகிறேன்.