ஹெச்ஓவும் ஓஓவும் ஒன்றல்ல

மாதிரி ரயில்களின் அளவுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், "ஹெச்ஓ, ஓஓ இரண்டும் ஒரே அளவு, கலந்து வாங்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டவாளத்தின் அகலம் மட்டும்தான் ஒன்று: 16.5 மி.மீ. மற்றபடி ஹெச்ஓ 1:87 (அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு), ஓஓ ஏறத்தாழ 1:76. ஆறடி மனிதர் ஹெச்ஓவில் 21 மி.மீ., ஓஓவில் 24 மி.மீ. உயரம். ஓஓ ரயில்பெட்டியின் கதவருகே ஹெச்ஓ பயணியை நிறுத்துங்கள். பள்ளிச் சிறுவனைப் போலத் தெரிவார்.

ஓஓ பிரிட்டனுக்கான அளவு; பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவில் சிறியவை. ஓஓ உருவான காலத்து மோட்டார்கள் 1:87 இன்ஜின் கூட்டுக்குள் எளிதில் அடங்கவில்லை. அதனால் கூட்டைப் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். உண்மையில் ஓஓவுக்கு 18.8 மி.மீ. இருந்திருக்க வேண்டும்!

இரண்டு வகை ரயில்களும் ஒரே தண்டவாளத்தில் தாராளமாக ஓடும். ஆனால் முதன்முறை அமைப்பவர்கள் வீடு, நடைமேடை, மனித உருவங்களை வாங்கும் முன் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் விகிதத்தைத் தயவுசெய்து பாருங்கள்.