ஒடிசலான 911 போதும்

போர்ஷே 911 கார் பிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது: ஒடிசலான உடலா, அகன்ற உடலா? நான் ஒடிசல் கட்சி. எதிரணிக்குத்தான் ஆள்பலம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் அந்த அகலத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. 1963இல் காட்சிக்கு வந்த வண்டியின் அகலம் 1610 மில்லிமீட்டர். 1975இல் விற்பனைக்கு வந்த டர்போ ரகம் 1775. என்ஜின் பின்அச்சுக்கும் பின்னால் தொங்கும் வண்டி. என்ஜினுக்குள் காற்றை அழுத்தும் டர்போ கருவி திடீரென்று விழித்துக்கொண்டு தள்ளும்போது சாலையைக் கெட்டியாகப் பிடிக்க அகலமான டயர் வேண்டும். டயரை மூடுவதற்காக மட்கார்டு புடைத்தது.

பிறகுதான் வேஷம் கட்டினார்கள். 1980களில் எம்491 என்று ஓர் ஏற்பாடு: 911இன் டர்போ இல்லாத சாதாரண ரகமான கரேராவை டர்போ ரகத்தின் உடலோடு வாங்கலாம். டர்போவின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் கூடவே வந்தன, மறுக்கவில்லை. ஆனால் என்ஜின் அதே 3.2 லிட்டர். எடை கூடியது, எதிர்காற்றில் மோதும் பரப்பும் கூடியது, உச்ச வேகம் குறைந்தது. கூடுதல் பணம் கொடுத்து மெதுவான வண்டி வாங்குவதை என்னவென்று சொல்ல!

அழகுக்காக என்பவர்கள் 993 என்ற தலைமுறைக் கரேராவின் பின்பக்கவாட்டில் கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும். அகலம் 1735தான். கதவு முடியும் இடத்தில் மட்கார்டு மெல்ல எழுந்து, பின்விளக்கின் ஓரத்தில் அடங்கிவிடும். கூரையிலிருந்து இறங்கும் கோட்டைக் கண் தடையில்லாமல் பின்தொடரும். அதே தலைமுறையின் கரேரா எஸ் அதைவிட 60 மில்லிமீட்டர் அகலம். அதுவும் அழகிதான், ஆனால் முதலில் கண்ணில் படுவது இடுப்பு. கூரைக் கோடு அதற்குப் பிறகுதான்.

991 தலைமுறை வரைக்கும் ஒடிசல், அகலம் இரண்டும் கிடைத்தன. கரேரா 1808, நான்கு சக்கர இயக்கம் கொண்ட கரேரா 4 என்றால் 1852. 2018 இறுதியில் வந்த 992இல் அடிப்படைக் கரேராவே 1852 ஆகிவிட்டது. ஒடிசலுக்கு இடமே இல்லை. எனக்கு இதில்தான் கோபம். குறுகலான மலைப்பாதையில் எதிரே லாரி வரும்போது ஒவ்வொரு விரல்கடை இடமும் காசு பெறும்.

பழைய 997 தேடும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் ஒடிசலான கரேரா எஸ், அகன்ற 4எஸ் இரண்டுக்கும் தொடக்கத்தில் ஒரே 3.8 லிட்டர் என்ஜின், ஒரே 355 குதிரைத்திறன். நான்கு சக்கர இயக்கமும் அகலமும் சேர்ந்து 4எஸ்ஸில் 55 கிலோ கூடுதல். பனி கொட்டும் ஊர்க்காரர் தாராளமாக 4எஸ் வாங்கட்டும். மற்றவர்கள் மிச்சப் பணத்தில் நல்ல டயர் போட்டுக்கொள்ளலாம்.