எடை பார்க்க மைக் எதற்கு?

ஒரு கல்லூரி உடல்நல முகாமில் ஒரு மாணவியின் எடையை மைக்கில் அறிவிக்கிற வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்தேன். முழுதாகப் பார்க்க முடியவில்லை. அந்தப் பிள்ளை துப்பட்டாவை இழுத்து வயிற்றை மறைக்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். கல்லூரிப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அங்கேயே சுற்றும்.

எனக்கு ஒரே கேள்விதான். எடை பார்க்க மைக் எதற்கு?

முகாம் நடத்துங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பி.எம்.ஐ. எண் 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று நம் நாட்டு மருத்துவர்கள் கணக்கு வைத்திருப்பது எனக்கும் தெரியும். மேல்நாடுகளில் உடல் பருமன் என்று சொல்ல 30 வரை விடுகிறார்கள். நமக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை சீக்கிரம் வந்துவிடுகிறது, அதனால் இந்தக் கறார். சரி. ஆனால் அந்த எண் அவளுக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்க வேண்டியது. மைக்கில் எதற்கு?

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போய்ப் படித்தவள் நான். காலை ஆறே முக்காலுக்கு பஸ். அந்நேரத்துக்கு இட்லி யாருக்கு இறங்கும்? பதினோரு மணிக்கு கேண்டீனில் இரண்டு பஃப்ஸ், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அப்புறம் அலைச்சல் தாங்காமல் ஹாஸ்டலுக்கு மாறினேன். வீட்டில் மட்டை அரிசி, சிவப்பாகத் தவிடு ஒட்டியிருக்கும், இரண்டு கரண்டியில் வயிறு போதும் என்றுவிடும். ஹாஸ்டலில் வெள்ளை வெளேரென்று சோறு, தண்ணிச் சாம்பார், வாரத்தில் நான்கு நாள் உருளைக்கிழங்கு. ராத்திரி பத்து மணிக்குப் பசித்தால் பிஸ்கட். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற சத்தத்தை ஜன்னலில் நின்று கேட்போம். டைம்டேபிளில் விளையாட்டு நேரம் உண்டு, இன்டர்னல் டெஸ்ட் வைப்பதற்கு. இரண்டு வருடத்தில் பதினொரு கிலோ.

எங்கள் கல்லூரியிலும் ஒரு நாள் எடை பார்க்க வரிசையில் நிறுத்தி ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். என் சாக்ஸில் பெருவிரல் ஓட்டை. மைக்கில் "எழுபத்தொண்ணு!" பின்னாலிருந்து ஒரு விசில். சாக்ஸ் ஓட்டைக்குத்தான் அன்று வெட்கப்பட்டேன் என்று இத்தனை வருடமாகச் சிரித்துக்கொண்டே சொல்லி வருகிறேன். பொய்.

அதே மைக்கில், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் படித்தார்கள். எங்கே போய் நடப்பது? பூட்டிய கேட்டுக்கு உள்ளேயா?

"அக்கறையில்தானே செய்தார்கள்?" என்கிறீர்கள். அக்கறை இருந்தால் கேண்டீனில் ஒரு கிண்ணம் சுண்டல் இருந்திருக்கும்.

"குண்டாக இருப்பதற்கு நியாயம் பேசுகிறாய்." என் அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. இன்சுலின் ஊசி போட்டுவிடுவது நான். இந்தப் பாடத்தை எனக்கு எடுக்க வேண்டாம்.

இப்படி ஒரு முகாமில்தான் தன் தங்கைக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல காரியம்தான். அங்கே மைக் இருந்ததா அண்ணா?

இன்னொருவர், "கேரளா பார்டர்காரங்க தேங்காயெண்ணெயும் பொரோட்டாவுமா தின்னா இப்படித்தான்" என்கிறார். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு எடை அதிகம் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அவ்வளவு பேருக்கும் வாளையாறு எல்லையைத் தாண்டியா எண்ணெய் வந்தது? எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவள், ஆயுள் முழுக்கத் தேங்காயெண்ணெயில் சமைத்தவள். எழுபது வயதிலும் ஆடிக் காற்றுக்கு எதிரே புல்லுக்கட்டைச் சுமந்து நடந்தவள். பாலக்காட்டுக்குப் போனால் நாங்கள் தமிழர், கோயம்புத்தூருக்கு வந்தால் மலையாளத்தார். இப்போது உடம்புக்கும் ஊரைக் கட்டிவிட்டீர்களா?

எழுத வந்தது இதுவல்ல.

அந்தப் பிள்ளை எங்கள் பக்கத்து ஊர் என்பது இன்று மதியம்தான் தெரிந்தது. அவள் அம்மா எப்படியோ என் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டார். "நேத்துல இருந்து வெறும் மோரு மட்டுந்தான் குடிக்கறா அம்மிணி. நீ ஒரு வார்த்தை பேசு கண்ணு."

பேசுகிறேன் அக்கா என்று சொல்லி மூன்று மணி நேரம் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை. உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.