ட்ரூயிட்டைப் பின்வரிசைக்குத் தள்ளாதேங்கோ

கிளிநொச்சியில எண்டாலென்ன, வவுனியாவில எண்டாலென்ன, டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் எண்ட, பகடை உருட்டிக் கதாபாத்திரமா விளையாடுற விளையாட்டின்ர மேசையில ஆராவது ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரம் போடுற பாத்திரம், எடுத்தால் உடன வாற கதை ஒண்டுதான்: "நீ பின்னால நிண்டு காயம் மாத்து." கடவுளின்ர மந்திரம் போடுற கிளெரிக் முன்னுக்குப் போனால் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல. ரெண்டு பேருக்கும் ஹிட் டை, அதாவது எவ்வளவு அடி தாங்கும் எண்டதைக் குடுக்கிற பகடை, அதே டி8 (எட்டுப் பக்கப் பகடை) தான். பிறகென்ன?

கணக்கைப் பாப்பம். கீழ சொல்லுறதெல்லாம், வேற சொல்லாட்டி, 2014 விதிப்புத்தகத்தின்ரயும் அதுக்குப் பிறகு வந்த துணைப் புத்தகங்களின்ரயும் படி. அஞ்சாம் லெவல், கொன்ஸ்டிடியூசன் (உடல் உறுதி) 14, லெவலுக்குச் சராசரி எடுத்தால் ட்ரூயிட்டுக்கு 38 ஹிட் பொயின்ற் (உயிர்ப் புள்ளி), ஆயுதத்தால சண்டை பிடிக்கிற ஃபைட்டருக்கு 44. வித்தியாசம் 6, ஒரு கொப்ளினின்ர ஒரு வெட்டு. உண்மையான இடைவெளி ஏசியிலதான், அதாவது எதிரியின்ர அடி பட எட்டவேண்டிய இலக்கத்திலதான், கிடக்கு. ட்ரூயிட் உலோகக் கவசம் போடாது எண்டு புத்தகம் சொல்லுது. போட்டால் என்ன நடக்கும் எண்டு ஒரு தண்டனையும் எழுதேல்ல, அது வேற கதை. தொடக்கத்தில வாற தோல் கவசம் 11. கையில 10 பொற்காசு சேர்ந்த உடன ஹைட் கவசம் வாங்குங்கோ: 12, டெக்ஸ் (சுறுசுறுப்பு) 14 எண்டால் அதோட 2, மரக் கேடயத்துக்கு 2, மொத்தம் 16. கேடயத்துடன் செயின் மெயில் போட்ட ஃபைட்டர் 18. அந்த ரெண்டையும் எடுக்க ஒரு வழி இருக்கு. ஸ்கேல் மெயிலின்ர இலக்கம் 14 கூட்டல் டெக்ஸால வாற அதே 2, ஆனால் அது இரும்பாலதான் இருக்கவேணும் எண்டு கதையை நடத்துற ஒரு டீஎம்முக்கும் கட்டாயமில்லை. இரணைமடுக் குளப் பக்கத்தை வைச்சுக் கதை நடத்துறீங்களெண்டால் முதலைத்தோலில அதே கவசத்தைத் தைச்சுக் குடுக்கலாம். விலை அதே 50 பொற்காசு, பதுங்கேக்க டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தரம் உருட்டிக் குறைஞ்சதை எடுக்கிறது) அதே மாதிரி இருக்கட்டும். கேடயத்தோட ட்ரூயிட்டின்ர ஏசி 18 ஆகும், ஒருத்தருக்கும் நட்டமில்லை.

அடுத்தது ஆயுதம். தடியைப் பலப்படுத்துற ஷிலெய்லி மந்திரம் எடுக்காமல் முன்வரிசைக்குப் போகாதேங்கோ. பொல்லு அல்லது நீளத்தடி, டமேஜ் டி8, அடிக்கிறதுக்கும் டமேஜுக்கும் ஸ்ட்ரெங்த்துக்கு (உடல்பலம்) பதிலா விஸ்டம் (ஞானம்). அதால ஸ்ட்ரெங்த்தை 8 இல விட்டிட்டு விஸ்டம், கொன்ஸ்டிடியூசன், டெக்ஸ் எண்ட மூண்டுக்கும் புள்ளியைப் போடலாம். முதிரைத் தடியோ பாலைத் தடியோ, அது உங்கட விருப்பம். மந்திரம் ஒரு நிமிசம், அதாவது 10 ரவுண்ட் நிக்கும். தடியைக் கைவிட்டால் அந்த இடத்திலயே போச்சு.

இதில கனபேர் பிழைவிடுற இடம் முதல் ரவுண்ட். ஷிலெய்லிக்குப் போனஸ் அக்சன், அதாவது உங்கட முறை வரேக்க அக்சனுக்கு மேலதிகமாச் செய்யிற சின்னச் செயல், வேணும். போனஸ் அக்சனில ஒரு மந்திரம் போட்டால் அதே முறையில வேற மந்திரம் போடுறதெண்டால் ஒரு அக்சன் எடுக்கிற கான்ட்ரிப் (செலவில்லாத சின்ன மந்திரம்) மட்டும்தான் போடலாம். அதால ஷிலெய்லியும், உலோகத்தைச் சுடவைக்கிற ஹீட் மெட்டலும் ஒரே முறையில ஏலாது. கதவைத் திறக்க முந்தித் தடியை ஏத்தி வைச்சிருங்கோ. பதுங்கித் தாக்குதல் வந்து அதுக்கு நேரமில்லாட்டி, முதல் முறை பெரிய மந்திரம், தடி ரெண்டாம் முறை. 2024 இன்ர புது விதிப்புத்தகத்தில இந்தக் கட்டுப்பாடு ஸ்லொட் (அளவாக் கிடைக்கிற மந்திரச் சக்தி) செலவழிக்கிற மந்திரத்துக்கு மட்டும்தான், அதால அங்க ரெண்டும் சேரும்.

ஏன் ஹீட் மெட்டலை இழுக்கிறன் எண்டு கேப்பீங்கள். அஞ்சாம் லெவலில ஃபைட்டருக்கு ரெண்டு அடி, ட்ரூயிட்டுக்கு ஒண்டு. இதைச் சொல்லித்தான் ட்ரூயிட் சரிவராது எண்டு எல்லாரும் முடிக்கினம். இரும்புக் கவசம் போட்ட எதிரி ஒருத்தனை எடுங்கோ. ஹீட் மெட்டல் ஏத்தினாப் பிறகு ஒவ்வொரு முறையும் போனஸ் அக்சனில 2டி8, சராசரி 9. அந்த டமேஜுக்கு சேவும் (தப்பிறதுக்குப் பகடை உருட்டுறது) இல்லை, அடி படவேணும் எண்டும் இல்லை. விஸ்டம் 18 எண்டால் அக்சனில தடி அடி டி8 கூட்டல் 4, சராசரி 8.5. மொத்தம் 17.5. நீள்வாளோட நிக்கிற ஃபைட்டர் ரெண்டு அடியும் பட்டால் 17. ரெண்டும் பட்டால்தான். அதுக்கு மேல, போட்டிருக்கிற கவசத்தை எதிரியால அந்தரத்தில கழட்டிப் போடேலாது. அதால சுடுபட்ட ஒவ்வொரு முறையும் அவன் டிஸ்அட்வான்டேஜோடதான் உங்களை அடிப்பான். போல்ஆர்ம் மாஸ்டர் எண்ட ஃபீட்டை (மேலதிகத் திறமை) எடுக்கச் சொல்லி ஆலோசனை சொல்லுறவை இதை யோசிக்கிறேல்ல. அந்த ஃபீட்டின்ர டி4 அடியும் போனஸ் அக்சன், 9 டமேஜ் தாறதும் போனஸ் அக்சன். இரும்பில்லாத எதிரியளாகவே வாற காம்பெயினில (நீண்ட தொடர்கதை விளையாட்டு) மட்டும் அந்த ஃபீட் சரி.

இது எல்லாம் கொன்சன்ட்ரேசனில, அதாவது போட்ட மந்திரத்தை விடாமல் பிடிச்சு வைச்சிருக்கிற கவனத்தில, தொங்குது, ட்ரூயிட் முன்வரிசையில விழுறதும் இதாலதான். ஹிட் பொயின்ற் முடிய முந்தி மந்திரம் உடையும். அடி பட்டால், கொன்ஸ்டிடியூசன் 14 எண்டால், டீசி (எட்டவேண்டிய இலக்கம்) 10 சேவ் தப்பிறது 65 வீதம். ஒரு ரவுண்டில மூண்டு அடி பட்டால் மூண்டையும் தாண்டுறது 27 வீதம்தான். வோர் காஸ்டர் எண்ட ஃபீட் எடுத்தால் ஒரு சேவ் 88 வீதத்துக்கு வரும், மூண்டடி 67 வீதத்துக்கு மேல போகும். ஆகவே நாலாம் லெவலில விஸ்டத்தைக் கூட்டுறதா ஃபீட் எடுக்கிறதா எண்டு கேட்டால், 18 விஸ்டத்தோட தொடங்கேலாத ஆளுக்கும் ஃபீட்தான் முதல் எண்டு சொல்லுவன். மேல சொன்ன 17.5 ஒண்டு குறைஞ்சு 16.5 ஆகும், பரவாயில்லை. ரெசிலியன்ட் எண்ட ஃபீட் எடுத்துக் கொன்ஸ்டிடியூசனை 15 இலயிருந்து 16 ஆக்கினால் நாலாம் லெவலில 80 வீதம்தான். அது ஒன்பதாம் லெவலில 90 ஆகி முந்தும், ஆனால் எத்தினை காம்பெயின் ஒன்பது வரைக்கும் போகுது?

வோர் காஸ்டருக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஒரு கையில கேடயம், மற்றக் கையில தடி. தடியையே ஃபோக்கஸ் (மந்திரப் பொருளுக்குப் பதிலா வைச்சிருக்கிறது) எண்டு டீஎம் ஒத்துக்கொண்டால் பொருள் தேவைப்படுற மந்திரங்களைப் போடலாம். நெருப்பு மாதிரியான டமேஜைக் குறைக்கிற அப்சோர்ப் எலிமென்ட்ஸுக்குப் பொருளில்லை, கைச்சைகை மட்டும். ரெண்டு கையும் நிறைஞ்சிருந்தால், வோர் காஸ்டர் இல்லாட்டி, நெருப்பு வரேக்க அது கிடைக்காது.

இனி வைல்ட் ஷேப், அதாவது ட்ரூயிட் மிருகமா மாறுறது. கண்ணால பாத்த மிருகமாகத்தான் மாறலாம் எண்ட விதியை மேசையில ஒருத்தரும் கவனிக்கிறேல்ல. வன்னிக் காட்டில வளர்ந்த ட்ரூயிட் ஓநாயை எங்க பாத்தது? இலங்கையில ஓநாயே இல்லை. ஆனால் பன்றி, சிறுத்தை, முதலை, கரடி, யானை எல்லாம் பட்டியலில வரும், அது போதும். எங்கட கரடி புத்தகத்தில இருக்கிற பிரவுண் கரடியை விடச் சின்னன் எண்டாலும் அந்த இலக்கங்களையே குடுக்கச் சொல்லுவன். தேனெடுக்கப் போறவை சிறுத்தையை விட அதுக்குத்தான் பயம்.

மூன் சேர்க்கிள் (உருமாறுறதில கெட்டிக்கார ட்ரூயிட் பிரிவு) இல்லாத ட்ரூயிட்டுக்கும் நாலாம் லெவலில முதலை கிடைக்கும். இதை விடாதேங்கோ. முதல் முறை, நிலத்தில முள்ளு முளைக்கவைக்கிற ஸ்பைக் குரோத் போடுங்கோ, 20 அடி ஆரை, உள்ளுக்கு நகர்ற ஒவ்வொரு 5 அடிக்கும் 2டி4. அடுத்த முறை முதலையா மாறுங்கோ. உருவம் மாறினாலும் ஏற்கெனவே போட்ட மந்திரத்தின்ர கொன்சன்ட்ரேசன் உடையாது. மூண்டாம் முறை முள்ளு விளிம்பில நிக்கிறவனைக் கடியுங்கோ. கடி பட்டால் பிடியும் விழும், அவன் ரெஸ்ட்ரெயின்ட் (கட்டுண்ட நிலை), உங்கட ஆக்கள் எல்லாருக்கும் அவனில அட்வான்டேஜ் (ரெண்டு தரம் உருட்டிக் கூடினதை எடுக்கிறது). பிறகு நீங்கள் வெளியால விளிம்போட நகர்ந்து அவனை உள்ளுக்கால இழுங்கோ. முதலையின்ர வேகம் 20, இழுக்கேக்க பாதி, 10 அடி. 4டி4, சராசரி 10, சேவ் இல்லை. நீங்கள் முள்ளுக்குள்ள கால் வைச்சால் உங்களுக்கும் அதே டமேஜ், முதலைக்கு இருக்கிறதே 19 ஹிட் பொயின்ற். விடத்தல் பத்தைக்குள்ள ஆளை இழுத்துப் போட்டமாதிரித்தான்.

மூன் சேர்க்கிள்காரருக்குப் போனஸ் அக்சனில மாறலாம், ரெண்டாம் லெவலிலயே 34 ஹிட் பொயின்ற் கரடி. அந்த நேரம் அவைதான் ராசா. ஏசி 11 எண்டதால அஞ்சாம் லெவலில அந்தக் கரடி ஒரு ரவுண்டில கரையும், ஆறாம் லெவல் வரைக்கும் அதுக்கு மேல ஒண்டும் கிடையாது. கரடியா இருந்துகொண்டு ஸ்லொட்டை எரிச்சு ஸ்லொட்டின்ர லெவலுக்கு ஒரு டி8 எண்டு காயம் மாத்துறது வீண்செலவு, அந்த ஸ்லொட் ஒரு ஸ்பைக் குரோத். 2024 இல மூன் உருவத்துக்கு ஏசி 13 கூட்டல் விஸ்டத்தால வாற போனஸ், லெவலின்ர மூண்டு மடங்கு தற்காலிக ஹிட் பொயின்ற், ஏசி எண்ட ஓட்டை அடைபட்டிட்டுது. அதே புத்தகத்தில வோர்டன் எண்ட ட்ரூயிட் தெரிவை எடுத்தால் மீடியம் கவசமும் வரும், உலோகத் தடையும் இல்லை.

ஸ்போர்ஸ் சேர்க்கிள் எண்ட மற்ற ட்ரூயிட் பிரிவைப் பற்றிக் கேக்கிறவைக்கு: லெவலுக்கு 4 தற்காலிக ஹிட் பொயின்ற், ஒவ்வொரு அடிக்கும் மேலதிகமா 1டி6. நல்லதுதான். ஆனால் அதை ஏத்த ஒரு முழு அக்சன், அந்தத் தற்காலிகப் பொயின்ற் முடிஞ்ச உடன எல்லாம் முடிஞ்சுது. அதையும் கதவைத் திறக்க முந்தியே ஏத்துங்கோ, 10 நிமிசம் நிக்கும்.