ஆரஞ்சுப் பழத்தில் இருந்த முத்திரை

1937இல் வந்த 'தி ஆஃபுல் ட்ரூத்' படத்தை நேற்றிரவு மூன்றாவது முறையாகப் பார்த்தேன். லியோ மெக்கேரிக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படம். முன்பு இரண்டு முறையும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத் தூங்கப் போனவன் நான். இந்த முறை பக்கத்தில் மனைவி இருந்தாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அதெல்லாம் சரி, அத்தனை நாளும் அவன் யாரோடு இருந்தானாம்?"

பதில் என்னிடம் இல்லை. படத்திலும் இல்லை.

கேரி கிராண்ட் நடித்த ஜெர்ரி, ஃபுளோரிடாவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நியூயார்க்கிலேயே தங்கிவிடுகிறான். கடற்கரை வெயிலில் கறுத்ததுபோலத் தெரிய வேண்டுமே என்று கிளப்பில் மின்விளக்கின் கீழே படுத்து உடம்பைக் காய வைத்துக்கொள்கிறான். வீட்டுக்கு ஒரு கூடை ஆரஞ்சு வேறு. மனைவி லூசி அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் 'கலிபோர்னியா' என்று முத்திரை! ஆனால் அன்று லூசியும் வெளியே தங்கிவிட்டுப் பாட்டு வாத்தியாரோடு வந்து இறங்குகிறாள், வழியில் கார் பழுதாம். அவ்வளவுதான், நம்பிக்கை போனால் எல்லாமே போயிற்று என்று பிரசங்கம் செய்கிறான் இந்த உத்தமன்.

அதன் பிறகு விசாரணை முழுவதும் அவள்மீதுதான். கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்று வாத்தியார் இருக்கும் இடத்துக்குள் ஜெர்ரி பாய்கிறான். அங்கே சபை நிறைய ஆட்கள், பியானோ, நடுவில் லூசி பாடிக்கொண்டிருக்கிறாள். அசடு வழியப் பின்வரிசையில் உட்கார்ந்தவன் நாற்காலியோடு சரிந்து விழுகிறான். லூசியாக நடித்த ஐரீன் டன் அசல் பாடகி. பாட்டை நிறுத்தவில்லை. கடைசி வரியில் வந்த சிரிப்பை அந்தச் சுரத்துக்குள்ளேயே வைத்து முடிக்கிறாள். இவன்மீது அவளுக்கு இன்னும் ஆசை இருக்கிறது என்பதை அந்த ஒரு சிரிப்பு சொல்லிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் காலி.

1934 முதல் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கடுமையாகிவிட்டன, கள்ள உறவை வெளிப்படையாகக் காட்ட முடியாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லூசி குற்றமற்றவள் என்று காட்ட ஒரு கச்சேரியையே வைக்க முடிந்தவர்களுக்கு, ஜெர்ரியைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லையா? ஆண் பொய் சொன்னால் நகைச்சுவை, பெண் உண்மையைச் சொன்னாலும் சாட்சி வேண்டும். இதைத்தான் இரண்டு முறை கவனிக்காமல் சிரித்திருக்கிறேன்.

லூசியும் ஒன்றும் அப்பாவியல்ல. இருவரும் விவாகரத்து கேட்டுப் போன நீதிமன்றத்தில் வளர்ப்பு நாய் யாருக்கு என்ற கேள்வி வந்தபோது, அதற்குப் பிடித்த பொம்மையை ஒளித்து வைத்துக் காட்டித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். அந்தக் கள்ளத்தனத்துக்காகவே அவளைப் பிடிக்கிறது.

கடைசியில் மலைவீடு. நள்ளிரவோடு விவாகரத்து உறுதியாகிவிடும். இருவர் அறைக்கும் நடுவே சரியாக மூடாத ஒரு கதவு. சுவர்க் கடிகாரத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பொம்மைகள், தனித்தனி வாசல் வழியே வந்து போகின்றன. பன்னிரண்டு அடித்ததும் ஆண் பொம்மை தன் வாசலை விட்டுவிட்டுப் பெண் பொம்மையின் பின்னாலேயே உள்ளே போய்விடுகிறது.

"அதையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை பார்" என்றாள் மனைவி.